மாவட்டம் வரும் வரைக்கும் உலகம்

“...செத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள் ஒரு தாய். ‘நில்’ என்கிறான் சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு இருப்பவன். எதற்காக நிற்க வேண்டும்? அவள் கேட்பது நாடா? கிரீடமா? பிள்ளையைப் புதைக்க ஒரு வழி! வழியைத்தானே கேட்கிறாள்!” என்று முழங்கிவிட்டு, கைதட்டலுக்காக எப்போதும்போல ஒரு மூச்சு இடம் விட்டார் பேச்சாளர் அண்ணன். அந்த இடைவெளியில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வயலிலிருந்து அப்படியே வந்திருந்தாள் போல. சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தாள்.

“அண்ணா, அந்தம்மாக்கு துப்பாக்கிக்காரன் வயி வுட்டானா இல்லியா, அத அப்பறம் சொல்லு. எங்க காலனி பொணத்துக்கு எப்போ வயி வுடுவீங்கோ, அத மொதல்ல சொல்லு. எங்க மாமியா இன்னிக்கோ நாளிக்கோன்னு கீது. ஏரில தண்ணி ஏறிக்கினே கீது.”

கைதட்டத் தயாராக இருந்த கைகள் அப்படியே நின்றன. கரைவேட்டி ஒருவர் ஓடிவந்தார். “உக்காரும்மே. அது ஊரு விவகாரம். மாவட்டம் வர்ற நேரத்துல இன்னா பேஜாரு?” அவள் உட்காரவில்லை. நான் மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மைக் செட் போடுவது என் தொழில். உத்திரமேரூர் வட்டாரத்தில் கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம் எதுவாக இருந்தாலும் என் குழாய்தான் கட்டுவார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குமேல் படித்ததெல்லாம் மேடையோரம் உட்கார்ந்து காதால் படித்ததுதான். அதில் பாதிக்கு மேல் அந்த அண்ணனிடம் படித்தது.

கட்சியில் ஒன்றியச் செயலாளரை ‘ஒன்றியம்’ என்றும் மாவட்டச் செயலாளரை ‘மாவட்டம்’ என்றும்தான் கூப்பிடுவோம். ஆறு மணிக் கூட்டத்துக்கு மாவட்டம் ஆறு மணிக்கு வந்ததாக எனக்கு நினைவே இல்லை. அவர் வருகிற வரைக்கும் கூட்டம் கலையாமல் பிடித்து வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அண்ணன். காஞ்சிபுரத்திலிருந்து கார் கிளம்பியதும் மேடைக்குக் கீழே ஒருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “ஓரிக்கை தாண்டிட்டாரு, மாகறல் வந்துட்டாரு” என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அண்ணன் அதற்கேற்ப உலகத்தைச் சுற்றுவார். மாவட்டம் ஓரிக்கையில் டீ குடித்தால் அண்ணன் உக்ரைனிலிருந்து மியான்மருக்குப் போய் அங்கேயும் ஒரு கால் மணி நேரம் நிற்பார். பூ விற்கிற அம்மா ஒருத்தி கூடையோடு வந்து, “இன்னிக்கி எந்த ஊர்ல சண்டண்ணா?” என்று கேட்டுவிட்டுத்தான் கடை பரப்புவாள். இன்னொரு பெரியவர், “இந்தாளு பேசுனா அமெரிக்காகாரன் நம்ம வூட்டாண்ட வந்து தண்ணி கேக்கற மாரியே கீதுபா” என்பார். எண்ணெய்க் கப்பல் எந்தக் கடலில் நின்றால் நம் ஊரில் டீசல் ஏறும், எந்த நாட்டுத் தேர்தலில் யார் ஜெயித்தால் யூரியா மூட்டைக்கு அலைய வேண்டும் என்று, களத்து மேட்டு ஆட்களுக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னதை இன்றுவரை எந்தத் தொலைக்காட்சியிலும் நான் கேட்டதில்லை. அது வெறும் வாய்ஜாலம் இல்லை. பிள்ளைகள் செத்ததைச் சொல்லும்போது அவர் தொண்டை அடைக்கும். என் காதில் ஹெட்போன் இருக்கும். பொய்யான விம்மலுக்கும் நிஜ விம்மலுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அவருடையது நிஜம்.

ஆனால் அவர் உலகத்தைப் பேசுகிறவராகப் பிறந்துவிடவில்லை. ஆரம்பத்தில் ஆற்று மணலைப் பற்றித்தான் பேசினாராம். பாலாற்றில் ராத்திரியில் எத்தனை லாரி இறங்குகிறது, மணல் போனால் நம் கிணறு என்னாகும் என்று ஒரு கூட்டத்தில் வெளுத்து வாங்கினாராம். மறுநாள்தான் தெரிந்தது, லாரி சொந்தக் கட்சிக்காரருடையது. அதன்பிறகு வெகுநாள் எந்த மேடைக்கும் கூப்பிடவில்லை. கடைசியில் ஒன்றியமே வீட்டுக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, காபி கொடுத்துச் சொன்னாராம்: “உலகத்த பத்தி இன்னா வேணா பேசு. எவனும் கேக்க மாட்டான். உள்ளூர பத்தி மட்டும் வாயத் தொறக்காத.” இதை அண்ணனே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். “மைக்கு, பாத்தியா, எனக்கு வெளியுறவுத் துறை குட்த்துட்டாங்கோ” என்றார். நானும் சிரித்தேன். இரண்டு பேர் சிரித்ததிலும் சிரிப்பு இல்லை.

அந்தப் பெண் கேட்ட வழி இதுதான். ஊரின் பெயர் வேண்டாம்; உத்திரமேரூரைச் சுற்றி அப்படி ஒரே ஒரு ஊர்தான் இருக்கிறது என்றால்தானே பெயர் சொல்ல வேண்டும்! காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதை ஏரிக்கரையை ஒட்டி ஒரு மேட்டு நிலத்தின் வழியாகப் போகும். எல்லாரும் அந்த வழியாகத்தான் பாடை தூக்கினார்கள். ஒன்றியம் அந்த நிலத்தை வாங்கினார், சவுக்கு வைத்தார், கல் நட்டுக் கம்பிவேலி போட்டார். பட்டா நிலம் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருப்பது வேலியை ஒட்டிய ஏரிக் கால்வாய்தான். கோடையில் அது காய்ந்திருக்கும், இறங்கிப் போகலாம். மழைக்காலத்தில் அதே கால்வாய் மார்பு உயரத்துக்கு ஓடும். ஆகவே அந்தக் காலனியில் வயதானவர்கள் படுத்துவிட்டால் வீட்டுக்காரர்கள் வானத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அன்று ஐப்பசி. வேலி போட்ட ஒன்றியம் அதே மேடையில், அண்ணனுக்கு மூன்று நாற்காலி தள்ளி, பொன்னாடை மடியில் கிடக்கப் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஒருமுறை எனக்குச் சொல்லித் தந்தது ஒன்று உண்டு. “ஒரு கவர்மென்ட்டு ‘இது எங்க உள்நாட்டு விவகாரம், நீ தலையிடாத’ன்னு சொல்லுச்சுன்னு வையி, அங்க யாரோ செமத்தியா அடி வாங்கிக்கினு கீறான்னு அர்த்தம் மைக்கு.” அதன்பிறகு செய்தி கேட்கும்போதெல்லாம் அந்தச் சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன். அவர் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. பெரிய நாடும் சொல்கிறது, சின்ன நாடும் சொல்கிறது, நம் நாடும் சொல்கிறது. அடுத்தவன் வீட்டுப் பிணத்துக்கு உலக சபையில் எழுந்து நின்று அழுகிறவர்கள், தம் வீட்டுப் பின்கட்டைக் காட்டச் சொன்னால் கதவைச் சாத்துகிறார்கள். வெளியுறவு என்பது இவ்வளவுதானோ என்று எனக்கு ஒரு கசப்பு. தூரத்து நியாயம் செலவில்லாதது. அதைப் பேசினால் பட்டா ரத்தாகாது, டெண்டர் போகாது, அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடாமல் இருக்கமாட்டார்கள். ‘அது ஊரு விவகாரம்’ என்று கரைவேட்டி சொன்னபோது அண்ணனின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் சொன்னதுதானே இது, அவருக்கா புரியாது?

அந்தப் பெண்ணின் மாமியார்க் கிழவி அதே மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். சாவு வீட்டுக்கு லைட் கட்டப் போனவன் நான். அடைமழை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார்கள். ஒன்றியம் வெளியூர் போயிருப்பதாகத் சவுக்குத் தோப்புக் காவல்காரன் சொன்னான். லாரி டயர் ட்யூபை ஊதி, அதன்மேல் மூங்கிலைக் கட்டி, அதில் கிழவியைக் கிடத்தினார்கள். நாலு பேர் கழுத்துவரை கால்வாய்த் தண்ணீரில் நடந்து தள்ளிக்கொண்டு போனார்கள். பறை அடிக்கிறவர்கள் தோல் நனைந்துவிடும் என்று கரையிலேயே நின்று அடித்தார்கள். மருமகள், அதே சட்டையோடு, என் பக்கத்தில் நின்றிருந்தாள். “கெயவி ஏரிய பாக்கணும் பாக்கணும்னு கட்டில்ல படுத்துக்கினே பொலம்பிக்கினு இருந்திச்சி. நல்லா பாத்துக்கினு போவுது பாரு” என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது தெருமுனைக் கூட்டங்கள் குறைந்துவிட்டன. அண்ணன் யூடியூபில் பேசுகிறார். பின்னால் பெரிய உலகப் படம், மேஜைமேல் ஒரு பூகோள உருண்டை, நல்ல மைக். போன வாரம் எல்லையில் தவிக்கும் அகதிகளைப் பற்றிப் பேசினார். கீழே வெளிநாட்டுத் தமிழர்களெல்லாம் ‘கண் கலங்கிவிட்டது ஐயா’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் கலங்கியது, பொய் சொல்வானேன். தொண்டை அதே இடத்தில் அடைத்தது அவருக்கு. காலனி என்கிற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருப்பதாகச் செய்தி வந்தது. நல்லதுதான். எங்கள் பக்கம் சொல்லை எடுத்தார்கள். வேலி இருக்கிறது. சவுக்கு ஒரு வெட்டு முடிந்து மறுபடி வளர்ந்து நிற்கிறது.

அவர் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சாயங்காலத்துக்குத்தான் போய்விடுகிறேன். அவள் கேட்டு முடித்தாள்; கரைவேட்டியும் அதட்டி முடித்தார். ‘மாகறல் தாண்டிட்டாரு’ என்று எவனும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணனுக்கு ஒரு தப்பிக்கும் வழி கிடைத்திருக்கும். ஒன்றியம் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கூட்டம் முழுக்க அண்ணனையே பார்த்தது. அவர் வாயைத் திறந்தார். என் ஹெட்போனில் அவர் மூச்சு இழுத்தது கேட்டது. மணலைப் பற்றிப் பேசிய அந்தப் பழைய ஆள் உள்ளே இருந்து எழுந்து வருகிற மாதிரி ஒரு நீண்ட மூச்சு. சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மூன்று நாற்காலி தள்ளித் திரும்பி, “வழியை விடய்யா” என்று இரண்டு சொல். உலகத்தில் எத்தனையோ அதிபர்களைப் பேர் சொல்லிக் கேட்ட வாய்தானே! மூன்றாவது வரிசையில் அவள் நின்றுகொண்டே இருந்தாள். அண்ணன் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சத்தத்தை ஏற்றச் சொல்லி உள்ளங்கையை மேலே உயர்த்திக் காட்டிவிட்டு, சாவடியில் பிள்ளையோடு நின்றிருந்த அந்தத் தாயிடமே திரும்பிப் போனார்.