ரெண்டு நாள் செலவு

திருப்பதியில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் ஃபேன் விற்கிறேன். கிரிக்கெட்டுக்கும் நான் ஃபேன்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். அதிலும் டெஸ்ட் மேட்ச் ஃபேன். "இருபது ஓவர் ஆட்டமெல்லாம் பஜ்ஜி மாதிரிங்க, டெஸ்ட்டுதான் சாப்பாடு" என்பது என் வசனம். அதைக் கேட்டு யாரும் ஒரு ஃபேன் கூடுதலாக வாங்கியதில்லை.

நிஜமான ரசிகை என் மனைவி. வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். டெஸ்ட் நடக்கும் நாட்களில் டிவி முன்னால் உட்கார்ந்து கொக்கி வைத்துத் தைத்தபடியே, பக்கத்தில் ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொள்வாள். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. சித்தூரில் பள்ளியில் படித்தபோது ரேடியோ கேட்டு ஆரம்பித்த பழக்கம். கல்யாணமான முதல் வாரமே, மைதானத்துக்கு அழைத்துப்போய் ஒரு டெஸ்ட் காட்டுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் போய்விட்டது. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் கேட்பாள்:

"பாருங்க, சீட்டோட கலரு கூட தெரியுது. இவ்ளோ காலியா கீது. நமக்கு ரெண்டு சீட்டு இல்லியா அதுல?"

நியாயமான கேள்விதான். அந்த நேரத்தில் எனக்கு டீ குடிக்கவேண்டும் போல இருக்கும். சமையலறைப் பக்கம் போய்விடுவேன்.

இந்த முறை சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்று அறிவிப்பு வந்ததும், தப்ப வழியில்லாமல் என் தங்கை வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கும்மிடிப்பூண்டியில் குடித்தனம். ஆன்லைனில் டிக்கெட் எடுப்பதில் புலி. எங்கள் ஊரில் தரிசன டிக்கெட்டுக்காகக் காலை பத்து மணிக்கு மொத்த ஊரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கும். அந்த ஊரிலேயே இருந்துகொண்டு ஒரு தடவைகூட டிக்கெட் கிடைக்காத ஒரே ஆள் நான்.

"நீங்க உறுதியா வர்றீங்களான்னு மட்டும் சொல்லுங்க மச்சான், மத்தத பாத்துக்கலாம்" என்றார்.

டிக்கெட் விற்பனை தொடங்குவதற்கு முதல் நாள் முதலாளியிடம் லீவு கேட்டேன். அவர் தெலுங்குக்காரர். "டெஸ்ட் மேட்ச்சா? இங்கா ஆடுதுன்னாரா?" என்றார். இன்னுமா ஆடுகிறார்கள் என்று கேட்கிறார். ஆடுகிறார்கள் என்றேன். சிரித்துக்கொண்டே ரெண்டு நாள் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்:

"மாப்ள, மேட்ச்சுக்கு ரெண்டு நாளு செலவு போட்டுட்டேன். இனிமே பயமில்ல. ரெண்டு பேரும் வந்துர்றோம்."

அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினார். நானும் பதிலுக்கு ஒன்று அனுப்பினேன். இரண்டு கட்டைவிரல்களும் நிம்மதியாகத் தூங்கப் போயின.

மேட்ச்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் தடா வழியாக பஸ் பிடித்து கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தோம். காபி வந்தது. மாப்பிள்ளை ஆவலாகக் கையை நீட்டினார்.

"எங்க மச்சான், டிக்கெட்டக் காட்டுங்க. எந்த ஸ்டாண்டு?"

"இன்னா மாப்ள, நீதான காட்டணும்?"

"நானா? நீங்கதான எடுத்துட்டேன்னு மெசேஜ் போட்டீங்க!"

"நான் எப்ப போட்டேன்?"

போனை எடுத்து என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார். ரெண்டு நாளு செலவு போட்டுட்டேன். என் வாயால் நானே சொல்கிறேன். சித்தூர்ப் பக்கம் செலவு என்றால் லீவு. தெலுங்கு வார்த்தை. பள்ளிக்கூடம் செலவு, பேங்கு செலவு என்று பேசிப் பேசி எங்கள் தமிழோடு கலந்துவிட்டது. தஞ்சாவூர்க்காரருக்கு அது பணம். ரெண்டு நாளைக்கும் பணம் போட்டு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"லீவுன்னு தமிழ்ல சொல்லியிருக்கலாம்ல மச்சான்?" என்றார் பரிதாபமாக.

என் மனைவி பையிலிருந்து நோட்டை எடுத்து, நாளைய பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை போனில் தேடினார். குறைந்த விலை டிக்கெட்டெல்லாம் என்றைக்கோ தீர்ந்துவிட்டது. மேல் விலையில் மட்டும் வேண்டிய அளவு இருந்தது, வரிசை வரிசையாக. ஒரு டிக்கெட் விலையைப் பார்த்தேன். எனக்கு எல்லாமே கடைக் கணக்கில்தான் புரியும். ரெண்டு நல்ல சீலிங் ஃபேன், ரெகுலேட்டரோடு. ரெண்டு பேர் என்றால் நாலு ஃபேன். நாலு ரூம் உள்ள வீடு என்னிடம் கிடையாது.

"ஒன்னு எடுக்கலாம் மச்சான். ரெண்டு கஷ்டம்" என்றார் மாப்பிள்ளை, என் முகத்தைப் பார்த்து.

அப்போது நான் மனைவியிடம் பெருந்தன்மை காட்டினேன். "நீ போய்ப் பாரு. எனக்கின்னா, நான் வெளிய இருந்துக்கறேன்" என்றேன். ஐயோ, நீங்க இல்லாம எப்படி என்று அவள் சொல்வாள், வேண்டாம் வேண்டாம் என்று ரெண்டு சுற்று போகும், கடைசியில் எல்லோரும் டிவியில் பார்ப்போம் என்று முடியும். இப்படித்தான் என் கணக்கு.

"சரி" என்றாள்.

காலையில் மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து ஆட்டோ. கேட்டில் சோதனை. தண்ணீர் பாட்டில் கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது. ரெண்டு பேருக்குமாக அவள் கட்டியிருந்த புளியோதரை டப்பாக்கள் என் கைக்குத் திரும்பி வந்தன. நோட்டைப் பெண் காவலர் ஒருவர் பிரித்துப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புள்ளி.

"என்னம்மா இது, கோலமா?"

"ஸ்கோருங்க. ஒரு ரன்னும் அடிக்காம நின்னா புள்ளி."

"இவ்ளோ நேரமா ஒன்னுமே அடிக்காம நிப்பாங்க?"

"அதப் பாக்கத்தாங்க வந்தேன்."

காவலர் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

நான் எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். மைதானத்துக்கு வெளியே திருவிழா போலிருக்கும் என்று நினைத்திருந்தேன். கொடி விற்கிற ஒருவர் கொடிகளை மடியில் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். "இருபது ஓவர் ஆட்டம்னா இந்நேரத்துக்கு எல்லாம் வித்துரும் சார். இதுக்கு வர்றவங்க கொடி வாங்க மாட்டாங்க. குடைதான் கேக்கறாங்க" என்றார். உள்ளே ஏதாவது நடந்தால் கைதட்டல் கேட்கும். அதுவும் ஒரு மூலையிலிருந்துதான். அதுதான் தீர்ந்துபோன டிக்கெட்டுகளின் மூலை என்று கொடிக்காரர் விளக்கினார்.

பத்து மணிக்கு ஒரு டப்பாவையும் ஒரு மணிக்கு இன்னொரு டப்பாவையும் காலி செய்தேன். போனில் ஆட்டம் ஓடியது. எட்டாவது ஓவரில் கண் சொக்கியது. விழித்தபோது முப்பத்தி மூன்றாவது ஓவர்.

டீ இடைவேளையில் அவள் போன் செய்தாள்.

"எங்க கீறீங்க? இந்த ஸ்டாண்டுல என் வரிசையில நான் ஒருத்திதான். முன்னாடி வரிசையில ரெண்டு பேரு போன்ல ஆபீஸ் வேல பாத்துக்கினு கீறாங்க. கேட்டுல கேட்டுப் பாருங்க, உள்ள உட்டாலும் உடுவாங்க."

கேட்டில் போய்க் கேட்டேன். உள்ளே அவ்வளவு காலியாக இருக்கிறதே, கடைசி ரெண்டு மணி நேரம்தானே என்றேன். காவலர் கோபப்படவில்லை. "சார், உங்க கடையில சாமான் விக்காம கெடக்குதுன்னு ரோட்டுல போறவருக்குச் சும்மா குடுப்பீங்களா?" என்றார். நான் கடையில் வேலை செய்வது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே பெஞ்சுக்குத் திரும்பினேன்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தாள். மூக்கு நுனி வெயிலில் சிவந்திருந்தது. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். முழு பாட்டிலையும் ஒரே மூச்சில் குடித்தாள். ரயில் ஏறி, உட்கார இடம் கிடைத்த பிறகுதான் பேசினாள்.

"டிவியில ஓவர் முடிஞ்சா விளம்பரம் போட்டுட்றாங்க இல்ல? அந்த நேரத்துல இன்னா நடக்குதுன்னு இன்னிக்குதாங்க தெரிஞ்சுது. கீப்பரு ஒவ்வொரு தடவையும் பௌலர்கிட்ட போயி ஏதோ சொல்றாரு. ஸ்லிப்புல நிக்கறவரு ஷூவால தரையில கோடு கிழிச்சிக்கறாரு. ஒரு ஆளு நாள் முழுக்க ஒரே எடத்துல நின்னாரு, ஒரு பந்து கூட அவரு பக்கம் போவல. ஆனா ஒவ்வொரு பந்துக்கும் குனிஞ்சாரு."

கும்மிடிப்பூண்டி வரைக்கும் அந்த ஆளைப் பற்றியே பேசினாள். டிவியில் அவரை ஒரு முறைகூடக் காட்டியிருக்கமாட்டார்கள். ஸ்டேஷனில் இறங்கும்போது சொன்னாள்:

"நாளைக்கு நீங்க போங்க. நான் வெளிய உக்காந்துக்கறேன். எவ்ளோ ஆசையா இருந்தீங்க."

மறுப்பு சொல்லாமல் போய்விடலாம்தான். கடையில் சொல்லிக்கொள்ள நல்ல கதையும் கிடைக்கும். ஆனால் அந்த வரிசையில் தனியாக உட்கார்ந்து, ரெண்டு ஃபேன் விலைக்கு நான் தூங்குவது என் கண்முன் தெரிந்தது.

"ஒரு விஷயம் சொல்றேன், திட்டாத. ஒரு செஷன் முழுசா முழிச்சிருந்து நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள். "டிவி பாத்துக்கினே நீங்க கொறட்ட விட்டதும் நோட்டுல கீது. பக்கத்துல சின்னதா எழுதி வெச்சிருக்கேன்."

வீட்டில் மாப்பிள்ளை போனோடு காத்திருந்தார். நாளைக்கும் மேல் விலையில்தான் இருக்கிறது, எத்தனை எடுக்கட்டும் என்று கேட்டார். ஒன்று என்றேன். யார் பேரில் என்றார். என் மனைவி நோட்டை விரித்து அடுத்த பக்கத்துக்குக் கோடு போடத் தொடங்கியிருந்தாள். அவளைக் கைகாட்டினேன்.