ஓசியில் கிடைத்த ஆப்புக்கு ஒற்றை ஸ்டார்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது. கோபத்தில் சொல்கிறேன், பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள்.

மாத்திரை அட்டை, பஸ் போர்டு எதைக் காட்டினாலும் படித்துச் சொல்லும் ஆப் ஒன்றை எங்கள் தெரு வசந்தி செய்திருக்கிறாள். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் முடித்து வந்து அதைச் சரிபார்ப்பாள். ஓசியில் வைத்திருப்பவர்களின் ஏச்சுத் தாங்காமல், "மூடிடலாமா தாத்தா?" என்று நேற்று கேட்டாள்.

இன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் அதே ஆப்பைத் திறந்து, "தெலுங்கு போர்டு படிக்கல, இன்னா பேஜாரு இது" என்று ஒற்றை ஸ்டார் போட்டான்.

"இத செஞ்ச பொண்ணுக்கு நீ இன்னா குடுத்த நைனா?" என்றேன்.

"ஃப்ரீ தானே பெருசு? கட்டுப்படி ஆவலன்னா விளம்பரம் போட்டுக்கட்டும்."

முன்பு நான் வைத்திருந்த ஆப்பில் விளம்பரம் வரும். எதை அமுக்கினால் போகும் என்று தெரியாது. ஒருநாள் அமுக்கியது கடன் கம்பெனியை. வாங்காத கடனுக்கு மிரட்டினான் ஒருவன். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

"நீ படிச்சவன், விளம்பரத்த தள்ளிவுட்டுப் போய்க்கினே இருப்ப. நான் மாத்திரைக்குப் பதிலா கடன முழுங்கணுமாடா?" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

போட்ட ஸ்டாரை அழித்தான். இறங்கும்போது சொன்னான்: "சரி பெருசு, நாளைக்குள்ள தெலுங்க சரி பண்ணச் சொல்லு."

இதை நான் எப்படி வசந்தியிடம் சொல்ல? அவளை இதுவரை திட்டாதவர் யாராவது இருந்தால், நீங்களே போய்ச் சொல்லுங்கள்.