தொழுகை இல்லாத நாள்

எங்கள் வீடுகளில் மாதவிடாய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "தொழுகை இல்லை" என்போம், அவ்வளவில் விளங்கிவிடும். எனக்கோ மாதக்கணக்கில் தொழுகை இருந்துகொண்டே இருந்தது. ஹோர்மோன் கோளாறு என்றார் புத்தளத்துக் கிளினிக் டொக்டர். கலியாணமாகி ஏழு வருடம். பிள்ளை இல்லை.

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், என் நிறை எல்லாவற்றையும் அவர் நிதானமாகப் பார்த்தார். இந்த மாத்திரை எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாதாம். ஆனால் என்னுடைய அளவுகளுக்கு மூன்று மாதத்தில் மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிடுமாம். குறி சொல்பவரைப் போல அவ்வளவு உறுதி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மூன்றாம் மாதம் நோன்பு மாதமாக அமைந்தது. மற்றப் பெண்களுக்கு இடையில் தொழுகை இல்லாத நாட்களில் ஆறேழு நோன்பு விடுபடும், பிறகு வேறு நாட்களில் பிடித்துக் கொடுப்பார்கள். எனக்கு ஒன்றும் விடுபடவில்லை. என் கணவரின் உம்மாவான மாமி, மருந்தின் மேல் வைத்த நம்பிக்கையில், நான் தொழுகைப் பாய் விரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நோன்பு தாண்டியதும் என்னை வாளி தூக்க விடவில்லை. நோன்பு திறக்கும்போது முதல் பேரீச்சம்பழம் எனக்குத்தான். நுரைச்சோலையில் வேலை செய்யும் என் கணவரும் என்னை ஏற்றிக்கொண்டால் மோட்டார் சைக்கிளை உருட்டாத குறையாகத்தான் ஓட்டினார். டொக்டர் சொன்னதை நானே மறந்துபோனேன். பிள்ளைதானா என்று சோதித்துப் பார்க்கவும் இல்லை. ஏழு வருடம் சோதனைக் குச்சியில் ஒற்றைக் கோட்டையே பார்த்த கண் இது; பெருநாள் முடியட்டும் என்று இருந்தேன்.

இருபத்தேழாம் நோன்பு. மதியம் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யப் போன இடத்தில் இரத்தத்தைக் கண்டேன்.

நோன்பு போய்விட்டது. தொழுவதுபோல் பாயை விரித்து அதில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கமாக வந்த மாமி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். பின்னேரம் அஸர் தொழுகைக்கும் அப்படியே உட்கார்ந்தேன். அல்லாஹ்வை ஏமாற்ற முடியாது என்று தெரியும். மாமியை ஏமாற்றுவதுதான் அதைவிட வலித்தது.

நோன்பு திறக்கும் நேரம் பேரீச்சம்பழத்தை நீட்டினார்.

"எனக்குத் தொழுகை இல்ல, மாமி."

அவருடைய கை அப்படியே நின்றது. பிறகு பழத்தை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். மறுநாள் பகல் என் அறைக்குள் பாணும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார்.

"மருந்த வெறும் வயித்துல போடாதீங்க, மகள்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். அன்று நான் அழுத அழுகை பெருநாளிலும் ஓயவில்லை.

பெருநாள் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். தேதியைச் சொன்னதும் டொக்டரின் முகம் மலர்ந்தது. தான் கணித்தது கணித்தபடி நடந்திருக்கிறதாம். சந்தோஷமாகக் கார்டில் எழுதினார். நான் இன்னொன்று கேட்டேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து மாமி காத்திருந்தார்.

"மருந்து பிடிச்சிட்டாம், மாமி."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப புள்ள?"

"அத மட்டும் சொல்ல ஏலாதாம்."