ஜீப்புக்கு அடியில் ஒரு கீச்சு

குவைத் வேலை போதும் என்று ஊர் திரும்பிய என் கணவர் செய்த முதல் காரியம் ஒரு பழைய ஜீப்பை வாங்கியது. இரண்டாவது காரியம் அதைத் தூக்கி நிறுத்தியது. ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி, டிராக்டருக்குப் போடுகிற மாதிரி டயர்களை மாட்டி, சேலை கட்டிய பெண்பிள்ளை யாரும் ஏற முடியாத உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மணமேல்குடிப் பக்கத்து இறால் பண்ணைகளுக்கு மழைக்காலத்தில் லாரி போகாது. சேற்றில் இறங்கித் தீவன மூட்டை கொண்டுபோக ஒரு வண்டி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கு தப்பவில்லை.

எனக்குத்தான் வேறு கவலை. ஆள் வந்துவிட்டார், மனசு வந்து சேரவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் போனிலேயே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். மகள் பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை போட்டாள் என்பது வரைக்கும் போனில் கேட்பார். நேரில் வந்ததும் அடியோடு மாறிப்போனார். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் கதை சொல்லிக்கொண்டிருப்பாள், பாதியில் எழுந்து ஜீப்பிடம் போய்விடுவார். ஒருநாள் அவள், “அப்பாவுக்கு நம்மளப் புடிக்கலையாம்மா?” என்று கேட்டாள். இந்த மனுஷன் திரும்பவும் விமானம் ஏறிவிடுவாரோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்ததுதான்.

அந்தச் சமயம் பார்த்து ஜீப் கத்த ஆரம்பித்தது. கட்டுமாவடிக்கு மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். காலுக்கு அடியில் எங்கிருந்தோ கீச், கீச், கீச் என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் கீச்சும் வேகமாகக் கூடியது.

“ஏங்க, என்னமோ கத்துதே?”

“எது?”

“கீழதான். கேக்கலையா?”

“நல்லாத்தானே ஓடுது.”

தன் கையால் செய்த வண்டியில் குறை சொன்னால் எந்த ஆம்பளைக்குத்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர், “சரி, எப்படிக் கத்துது, சொல்லு” என்றார். கேலி பண்ணுகிறார் என்று பட்டது. “ம், குருவிக்குஞ்சு மாதிரி” என்று வெடுக்கென்று சொன்னேன்.

மறுநாளே வண்டியைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். முதலில் பிரேக்கைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். அப்புறம் பழைய டயர்களைப் போட்டுப் பார்த்தார். முன்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் போவார்.

“இப்ப?”

“இருக்கு.”

“கிளச்ச மிதிச்சா?”

“அப்பவும் இருக்கு.”

“அப்ப இன்ஜின்ல இல்ல” என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். எனக்கோ எரிச்சலான எரிச்சல். வண்டியை அக்கக்காகப் பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கு இதற்கு மட்டும் நான் எதற்கு? அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சிடுசிடுப்பேன்.

ஒன்றும் பிடிபடாமல் கடைசியில் மணமேல்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். வண்டி வாசலில் நுழையும்போதே மெக்கானிக் தலையைத் தூக்கி, “என்னண்ணே, கீச்சு கீச்சுங்குது?” என்றார். நான் என் கணவரை ஒரு பார்வை பார்த்தேன். ஜெயித்த பார்வைதான், மறைப்பானேன்.

பின்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றினார்கள். “வண்டிய ஒசத்துனதுல ஷாஃப்டு சாய்வு கூடியிருக்கும்ணே. ஷாஃப்டு மடங்குற எடத்துல இருக்குற கிராஸ் ரெண்டுல ஒன்னு காஞ்சு போயிருக்கும். கியர்பாக்ஸ் பக்கமா, பின்பக்கமான்னு பாக்கணும்” என்றார் மெக்கானிக். என் கணவரை அடியில் படுக்கச் சொல்லி, நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கொடுத்தார். அதன் முனையை இரும்பில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். மெக்கானிக் சக்கரத்தைக் கையால் சுற்றினார். கீச், கீச் என்றது. நின்றிருந்த எனக்கே கேட்டது. என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டார்.

மெக்கானிக் சட்டைப்பையில் போன் அடித்தது. சக்கரத்தை விட்டுவிட்டுப் போனை எடுத்துப் பார்த்து அமர்த்தினார். “கேக்குதாண்ணே?” என்று குனிந்து கேட்டார்.

“கேக்குது, கேக்குது. பின்பக்கந்தான். நல்லாக் கேக்குது.”

சக்கரம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். “சரிண்ணே, எந்திரிச்சு வாங்க, நானும் ஒருக்காப் பாத்துக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். அவர் நன்றாக இருக்கட்டும். கியர்பாக்ஸ் பக்கத்துக் கிராஸில் உப்புத்தண்ணி ஏறி, கிரீஸ் போய், உள்ளே துருப்பொடியாகக் கிடந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் ஒருநாள் ஷாஃப்ட் கழன்று ரோட்டில் குத்தி, மூட்டையோடு வண்டி கவிழ்ந்திருக்கும் என்றார். புதுசு மாட்டினார்.

நான் ஒரு ஓரமாக நின்று எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். தனக்குக் கேட்காத ஒரு சத்தத்துக்காக, நான் சொன்ன ஒரே காரணத்துக்காக, இந்த மனுஷன் முழு வண்டியையும் பிரித்திருக்கிறார்.

திரும்பி வரும்போது, “போயிருச்சா?” என்று கேட்டார்.

“போயிருச்சு.”

கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பாப்பா பேசுறதும் அப்படித்தான். போன்ல சத்தத்த முழுசா வச்சுக் கேப்பேன். இங்க அவ வாய் அசையிறது மட்டுந்தான் தெரியுது. கம்ப்ரஸர் ரூம்ல வருஷக்கணக்கா நின்னதுல மெல்லிசான சத்தமெல்லாம் போயிருச்சு. அங்கயே டாக்டர் சொன்னாரு, காதுக்கு மெஷின் வைக்கணும்னு.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“காது போனவனத் தொரத்தி விட்டுட்டாங்கன்னு ஊரு பேசும். நீயும்…” என்று நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. “அப்பாவுக்கு நம்மளப் புடிக்கலையான்னு கேக்குறா ஒங்க மக! தெரியுமா ஒங்களுக்கு?” என்று கத்தினேன். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தார்.

அவருக்கு முழுசாகக் கேட்டது. முகம் வெளுத்துப்போயிற்று. உடனே வண்டியை எடுத்தார்.

வீட்டில் மகள் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். “அப்பாவுக்குக் காது சரியாக் கேக்காது பாப்பா. என் மூஞ்சியப் பாத்துச் சத்தமாப் பேசணும், என்ன?” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பேசு என்று சைகை காட்டினேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, “மறுபடி போயிருவீங்களாப்பா?” என்று கேட்டாள்.

அவர் கண் கலங்க, மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“தலைய ஆட்டாதீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க” என்றாள்.