முக்கால் எண்ணெய், கால் மண்ணெண்ணெய்

டீசல் மெக்கானிக்குக்கு அந்தத் தெரு வைத்த பெயர் எண்ணெய்ச்சட்டி. அவர் வேன் போனால் பின்னாலேயே பொரித்த வாசனை வரும். சாப்பாட்டுக் கடைகள் கழித்துப்போடும் சமையல் எண்ணெயை வாங்கி, நாலு நாள் தெளியவிட்டு, துணியில் இரண்டு தடவை வடிகட்டி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலப்பார். அதுதான் வண்டிக்குத் தீனி.

"உங்க வண்டி போனா எங்களுக்குப் பசிக்குதுங்க" என்று யாராவது கேலி செய்தால், "வாங்க, ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போங்க" என்பார்.

அவர் வேனில் இரண்டு தொட்டிகள் இருந்தன. டீசலில் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பிறகுதான் கலவைக்குத் திருப்புவார். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசல். இதில் ஒரு நாளும் தவறியதில்லை.

ரொட்டிக்கடை வேனில் இருந்ததோ ஒரே தொட்டி. அதை ஓட்டியவன் அவருடைய தம்பி. கடை முதலாளியிடம் விடாமல் பேசி, கலவைக்குச் சம்மதிக்க வைத்தவர் மெக்கானிக்தான். தம்பிக்கு மனசு ஒப்பவில்லை.

"உங்க வண்டில ரெண்டு தொட்டி இருக்கேண்ணே? இதுல சூடேறாம எப்படி எரியும்?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா? ஊத்து, நான் பாத்துக்கறேன்."

இன்னொரு தொட்டி மாட்ட ஒரு நாள் வேலைதான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டார். வெயில் காலம் முழுக்க வேன் சமர்த்தாக ஓடியது. குளிர் வந்ததும் கலவை கெட்டிப்பட்டது. சரியாக எரியாத எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின் அடியில் இருந்த ஆயிலில் இறங்கியது. ஒரு காலை, பாலத்து ஏற்றத்தில், அத்தனை ரொட்டித் தட்டுகளோடும் வேன் நின்றுபோனது.

பட்டறையில் எஞ்சினைப் பிரித்தார். ஆயில் களிம்பாக உறைந்திருந்தது. விரலால் தொட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உன் எண்ணெய் பண்ண வேலையாப்பா இது?" என்றார் முதலாளி.

சுற்றிலும் தெருவே நின்றிருந்தது. மெக்கானிக் தலையைத் தூக்காமல் சொன்னார்: "எண்ணெய் மேல குத்தமில்லைங்க. எஞ்சின் ஆயிலப் பாக்காமலே ஓட்டியிருக்கான்."

தம்பி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு நடந்தான். கவனமில்லாத டிரைவர் என்ற பேச்சு, அவன் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் முந்திக்கொண்டு போனது. கடைசியில் துணிக் கிடங்கில் மூட்டை தூக்கினான்.

மெக்கானிக் அத்தோடு கலவையைக் கைவிட்டார். உண்மையைச் சொல்ல மட்டும் எட்டு வருஷம் ஆனது. அதற்குள் முதலாளி காலமாகி, கடையும் கைமாறிவிட்டது. ஒரு மத்தியானம் கிடங்கு வாசலில் தம்பியைப் பிடித்தார்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்டா. எண்ணெயாலதான் போச்சு."

"தெரியும்ணே. தினம் காலைல ஆயில் அளவு பாத்தவன் நான்தானே."

"அப்ப ஏன்டா அங்கேயே சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு நின்னேன்."

மெக்கானிக் வேன் சாவியை நீட்டினார். "என் வேனை எடுத்துக்கடா. நீயே ஓட்டு."

"கண்ணு மங்கிடுச்சுண்ணே. இனிமே எங்க ஓட்டறது" என்றான் தம்பி. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது, அந்த வேன் கெட்டுப்போனதில் தப்பு தன்மேல்தான் என்று மெக்கானிக் வலியச் சொன்னார்.

"எந்த வேன்?" என்று கேட்டார் ஒருவர்.