வேலைக்காரிக்கு ஒரே வசனம்

ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகால் எங்கள் விளையாட்டில் சீரியல் பங்களா. நெல் மண்டிக்காரர் மகள் அந்தப் பங்களாவின் செல்லப் பெண். அவளுடைய பெரியப்பா மகளுக்கு அம்மா வேஷம். நான் எப்போதும் வேலைக்காரி. ஒருமுறை செல்லப் பெண்ணாக ஆசைப்பட்டுக் கேட்டேன்.

"டிவில பாக்கல? கறுப்பா இருக்கறவதான் வேலைக்காரி" என்றாள் மண்டிக்காரர் மகள்.

எனக்குத் தெரிந்த சீரியல்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

"காபி கொண்டாரட்டுங்களாம்மா?" இதுதான் என் ஒரே வசனம். கொட்டாங்குச்சியை ஏந்தியபடி அதைச் சொல்லிவிட்டு, அவர்கள் அழுது முடிக்கும்வரை தூணோரம் நிற்க வேண்டும்.

அந்த வாரம் டிவியில் ஒரு பெரிய வீட்டு வேலைக்காரிதான் அந்த வீட்டின் நிஜ மகள் என்று தெரியவந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிவிட்டதாம். ஊரே அழுதது. ஞாயிறன்று கொட்டாங்குச்சியோடு போன என் வாயில் காபி வரவில்லை. அம்மாவாக நடித்தவளின் காலில் விழுந்தேன்.

"அம்மா! நான்தான் உங்க பொண்ணு! இவ எங்க வூட்டுப் பொண்ணு! ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க!"

பின்னணி இசைக்கென்றே இருந்த சிறுமி பழக்கதோஷத்தில் மூன்று முறை "டொய்ங்" என்றாள். எல்லோரும் மூன்று முறை தலையைத் திருப்பினார்கள். அம்மாக்காரி சீரியலை ஒழுங்காகப் பார்த்தவள். "என் கண்ணே" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். மண்டிக்காரர் மகள்தான் கெடுத்தாள். நடிப்பை விட்டுவிட்டு, "நீ எங்கடி பொறந்த?" என்றாள். சொன்னேன். அவள் பிறந்ததும் அதே ஆஸ்பத்திரிதான் போலிருக்கிறது. ஓவென்று நிஜமாகவே அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

சாயங்காலம் அவளுடைய அம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். அதற்குமுன் வந்ததே இல்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அவர்கள் மண்டியில் நெல் தூற்றும் என் அம்மா ஈரக்கையோடு ஓடினாள்.

"உன் பொண்ணு இன்னா சொல்லிக்கிறா தெரியுமா? என் பொண்ணு இந்த வூட்ல பொறந்தவளாம்!"

"சின்னப் புள்ளைங்கம்மா. டிவியப் பாத்துட்டு ஏதோ..."

"டிவில சொன்னா சரி. ஊர்ல சொல்லலாமா?"

இத்தனைக்கும் அந்தக் காட்சியைப் பார்த்துத் தான் அழுத கதையை மண்டியில் அம்மாவிடம் சொன்னவரே அவர்தான்.

அம்மா என் தலையில் நறுக்கென்று குட்டி, மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். என்ன தப்பென்று தெரியாததால் இரண்டு முறை கேட்டேன்.

"நாளைக்கு வேலைக்கு வர்றதுங்களாம்மா?" என்றாள் அம்மா, மெல்ல.

"வா வா. லோடு வருது" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் தெருமுனை தாண்டும்வரை குனிந்தே நின்ற அம்மா, உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். அடி விழப்போகிறது என்று கட்டிலடியில் புகுந்தேன். அவளும் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு மூஞ்சி எப்டிடி போச்சு?"

செய்து காட்டினேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இன்னொரு தரம் செய்யச் சொன்னாள். நானும் சத்தமாகச் சிரித்தேன். சட்டென்று என் வாயையும் பொத்தினாள்.

சொந்த வீட்டில் சிரிப்பதற்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.