பின்வரிசைக் கிற்றார்

பனி கரைந்துவிட்டது, கல் மிஞ்சிவிட்டது. குளிர்காலம் முழுக்க யாரும் வழுக்கி விழாதிருக்க நடைபாதைகளில் கொட்டிய பொடிக்கல், குறூஸ் என்பார்கள் நோர்வேக்காரர், ஏப்ரல் வெயிலில் அநாதையாகக் கிடக்கிறது. கூட்டுகிற வண்டி ஒஸ்லோவில் எங்கள் ரொம்சோஸ் மேட்டுக்கு ஏறிவர நாளெடுக்கும். அதுவரை ஒவ்வொரு காலடிக்கும் கறக், கறக். அயலவர்களுக்கு இது வசந்தத்தின் சத்தம். எனக்கு இது கிற்றார்த் தந்தியில் ஓடும் ஒரு மனிதனின் வலது கை. கீழே ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று, மேலே ஒன்று. இடையில் நூல் நுழைய இடமில்லை, ஆனாலும் ஒன்றோடொன்று ஒட்டவுமில்லை. முதுகில் கிற்றார்ப் பெட்டியோடு சுரங்க ரயிலுக்கு இறங்கிப் போகையில் என் சப்பாத்துகள் அவரை வாசித்துக்கொண்டே போகின்றன.

முதன்முதலில் அவரைக் கேட்டபோது என் கைகளில் மீன் செதில். நோர்வேயின் வடகோடியில், குளிர்காலத்தில் சூரியன் எட்டியும் பாராத ஒரு துறைமுகக் கிராமம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களில் பலர் அங்கேதான் தொடங்கினோம், மீன் தொழிற்சாலையில், ரப்பர்ச் சப்பாத்துக்குள் மரத்துப்போன கால்களோடு. ஓய்வறையில் ஒரு பழைய கசற் பெட்டி இருந்தது. யாரோ ஒரு மீனவர் விட்டுப்போன கசற் அதற்குள் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஒருநாள் அதில் பிடில் அழுதது, பாஞ்சோ பொரிந்தது, பிறகு எல்லாரும் விலகி வழிவிட்டதுபோல ஒரு வெறும் மரக்கிற்றார் தனியே எழுந்தது. மின்சாரம் இல்லை, எக்காளம் இல்லை. மலையில் ஓடுகிறவன் மூச்சு வாங்காமல் ஓடுகிறதுபோல ஒரு ஓட்டம். கோப்பித் தண்ணீர் கையில் ஆறிப்போனது. கசற்றின் மேலிருந்த பெயரை மீன் தண்ணீர் அழித்திருந்தது. அமெரிக்க மலைநாட்டுக்காரர், புளூகிராஸ் என்கிற அந்த இசைக்காரர் என்பது மட்டும் கேட்டறிந்தேன். ஆகவே எனக்கு அவர் மலைக்காரர். பெயர் பின்னாளில் தெரியவந்தது, இங்கே எழுதமாட்டேன். எழுதினால் கைத்தொலைபேசியில் தேடி அரை நிமிடம் கேட்டுவிட்டு, 'ஓ, இதுவா' என்பீர்கள்.

அவர் செய்தது என்னவென்று சொன்னால் சின்ன விசயமாகப் படும். அந்த இசையில் அதுவரை கிற்றாருக்குப் பின்வரிசைதான். பிடிலும் மண்டலினும் பாஞ்சோவும் முன்னே நின்று பாட, கிற்றார் பின்னே நின்று தாளம் பிடிக்கும். வேலைக்காரி மாதிரி. மலைக்காரர் பிடிலுக்கென்று பிறந்த மெட்டுகளை எடுத்து, விரல் நுனியளவு வில்லை ஒன்றால், தந்திமேல் கீழும் மேலுமாகத் தட்டித் தட்டி, ஒரு சுரமும் சிந்தாமல் கிற்றாரில் வாசித்துக் காட்டினார். எல்லாருக்கும் முன்னால். அவருக்குப் பிறகு கிற்றாரைப் பின்னுக்குத் தள்ள ஒருவராலும் முடியவில்லை. இன்றைக்கு அந்த வில்லையைப் பிடிக்கிற எந்தப் பொடியனின் மணிக்கட்டிலும் அவர் இருக்கிறார், அந்தப் பொடியனுக்கே அது தெரியாது.

எனக்கு அது ஏன் சுட்டது என்பது பிறகுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு வரும் இசைக்குழுவில் பாட்டுக்காரர் முன்னால், ஓகன் பக்கத்தில். கிற்றார்க்காரர் கடைசியில், வெளிச்சம் குறைந்த மூலையில். சனம் பாட்டுக்காரரைப் பார்க்கும், நான் அந்த மூலையைப் பார்ப்பேன். அவருடைய முறை இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருப்பேன். வரவேயில்லை. நாட்டில் சண்டை வந்தது. குழு சிதறியது, நாங்களும் சிதறினோம். அந்தக் காத்திருப்பு மட்டும் சிதறாமல் என்னோடு விமானம் ஏறி, மீன் நாற்றத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. மலைக்காரர் அதை முடித்துவைத்தார்.

கிற்றார் வாங்கினேன். கசற்றைக் கேட்டுக் கேட்டு, பிழை பிழையாகப் பழகினேன். வடக்கை விட்டு ஒஸ்லோ வந்து, சிறுவர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, மகளை வளர்த்து, ஐம்பதைத் தாண்டியும் விடவில்லை. ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருக்கும் என் அண்ணா ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும் இதற்கென்று ஒரு பிரசங்கம் வைத்திருப்பார்.

"உனக்கேன் பிள்ளை இந்த மாட்டுக்காரற்றை பாட்டு? ஒரு வீணையைக் கீணையைப் பழகியிருந்தால் மேடையிலை ஏத்தியிருப்பமெல்லே."

"நீங்கள் ஏத்துற மேடையிலை கிற்றாரை எங்கை வைப்பியள் அண்ணா? ஓகனுக்குப் பின்னாலைதானே."

"எங்கடை இசை எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

இந்தக் கேள்வியை அண்ணா கேட்டாலும் வெள்ளைக்காரர் கேட்டாலும் எனக்கு ஒரே எரிச்சல். அந்த மலைக்கு அந்தப் பிடில் மெட்டுகள் கடல் கடந்து வந்தன, பசிக்குத் தப்பி ஓடியவர்களோடு. பாஞ்சோ ஆபிரிக்காவிலிருந்து வந்தது, சங்கிலி பூட்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவில். அந்த இசையே இடம்பெயர்ந்தவர்கள் கூடிக் கட்டிய வீடு. அதில் எனக்கு ஒரு அறை இல்லை என்று யார் சொல்வது?

ஒஸ்லோவின் தெற்கே ஹவுகெட்டோவில் ஒரு சிறு மண்டபம். ஞாயிறு பின்னேரங்களில் இந்த இசைப் பித்தர்கள் அங்கே வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். வட்டத்தை நடத்துபவர் ஆர்னெ, ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி, மண்டலின்காரர். நான் முதல்நாள் பெட்டியோடு நுழைந்தபோது அவர் அன்பாகத்தான் கேட்டார்: "உன் நாட்டு இசை ஏதாவது வாசித்துக் காட்டப் போகிறாயா?" நான் மலைக்காரரின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது, நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆனால் நாற்காலி கிடைப்பது வேறு, முறை கிடைப்பது வேறு.

அங்கே ஒரு வழக்கம். மெட்டு தொடங்கிவிட்டால் யாரும் பேசமாட்டார்கள். ஆர்னெ ஒவ்வொருவராகப் பார்ப்பார். பார்வை விழுந்தவர் தலையசைத்தால் அடுத்த சுற்று அவருடையது, அவர் தனியே வாசிப்பார், மற்றவர்கள் தாழ்ந்து தாளம் பிடிப்பார்கள். மறுத்தால் பார்வை அடுத்தவருக்குப் போகும், யாரும் குறை நினைப்பதில்லை. ஆர்னெ என்னையும் பார்ப்பார். நான் சம்மதிப்பேன். வில்லையை இறுக்கிப் பிடிப்பேன். அவர் மெல்லச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். ஒவ்வொரு ஞாயிறும் இதே. இலையுதிர்ந்தது, பனி கொட்டியது, கல் தூவினார்கள், பனி கரைந்தது. நான் தாளம் பிடித்துக்கொண்டேயிருந்தேன். மரியாதை காட்டுவதற்காக ஒரு முறை என் பக்கம் பார்க்கிறார்கள், வாசிக்க விடமாட்டார்கள், நோர்வேக்காரர் கதவடைக்கும் விதம் இதுதான் என்று முடிவெடுத்தேன். மகள் ஆரணியிடம், இந்த ஞாயிறோடு நிறுத்தப்போகிறேன் என்றேன். இங்கேயே பிறந்து, இங்கேயே பல்கலைக்கழகம் போகிறவள்.

"கடைசித்தரமெண்டால் நானும் வாறன்," என்றாள்.

வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். முதல் மெட்டு. ஆர்னெயின் பார்வை, என் சம்மதம், அவருடைய சிரிப்பு, பார்வை பிடில்காரருக்கு. இரண்டாவது மெட்டும் அப்படியே. கோப்பி இடைவேளையில் ஆரணி என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர்.

"அம்மா, அந்த மனிசன் உங்களைக் கேக்குது. நீங்கள்தான் வேண்டாம் எண்டுறியள்."

"நானோ? நான் ஓம் எண்டெல்லே தலையாட்டுறன்."

"ஓம், யாழ்ப்பாணத்துக்கு ஆட்டுறியள். இப்பிடி, பக்கவாட்டிலை. அதைப் பாத்தால் இவைக்கு 'நை', இல்லையெண்ட மாதிரித்தான் இருக்கும். பாவம் அந்தாள், உங்களுக்கு வெக்கமாக்கும் எண்டு நினைச்சு சிரிச்சுப்போட்டுப் போகுது."

இத்தனை காலம் இந்த நாட்டில் இருந்தும் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். வேலையிடத்தில் ஆமென்பதற்கு என் வாய் 'யா' என்று முந்திக்கொள்ளும், தலை என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த வட்டத்தில்தான் வாய்க்கு வேலையில்லை. மடியில் கிற்றார் ஏறியதும் தலை தன் ஊருக்குப் போய்விடுகிறது.

கழுவுமிடத்துக் கண்ணாடி முன் நின்று மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தேன். மரங்கொத்தி. மறுபடி ஆட்டினேன். படிவத்தில் கையெழுத்து வாங்க வந்த அதிகாரியைப் போலிருந்தது. அந்தத் தலையோடு மலைக்காரரின் மெட்டை வாசிக்க எனக்கு மனமில்லை. மொழியை மாற்றினேன், உடுப்பை மாற்றினேன், பெயரை இவர்கள் நாக்குக்கு ஏற்பச் சுருக்கினேன். கழுத்தையும் கேட்டால் எப்படி?

இடைவேளை முடிந்து ஆர்னெ ஒரு பிடில் மெட்டைத் தொடங்கினார். மலைக்காரர் கிற்றாருக்குக் கொண்டுவந்த மெட்டுகளில் ஒன்று, மீன் தொழிற்சாலையில் என் கோப்பியை ஆறவைத்ததும் அதுதான். சுற்று வந்தது. ஆர்னெ என்னைப் பார்த்தார். என் தலை பக்கவாட்டில்தான் அசைந்தது. அவர் சிரித்தார், பார்வை பிடில்காரரிடம் போனது, அவரும் பிடிலைத் தோளுக்கு ஏற்றிவிட்டார். நான் தொடங்கினேன்.

ஒரு கணம் இரண்டு பேரும் மோதினோம். பிடில்காரர் பிடிலை இறக்கினார். பிறகு நான் மட்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று. நடுவில் ஓரிடத்தில் வில்லை நழுவி இரண்டு சுரம் சிந்தியது, மலைக்காரருக்கு ஒருபோதும் சிந்தாதது. நிற்கவில்லை. வட்டம் முழுக்க எனக்குக் கீழே தாழ்ந்து தாளம் பிடித்தது. அந்தத் திருவிழா மூலையின் இருட்டில் நின்ற மனிதர் ஒரு அடி முன்னே வந்ததாக எனக்குப் பட்டது. முடிந்ததும் ஆர்னெ என்னையே பார்த்தார், என் முறை இன்னும் முடியவில்லை என்பதுபோல. தலையை எந்தப் பக்கமும் ஆட்டாமல் இன்னொரு சுற்று வாசித்தேன்.

எல்லாம் முடிந்து மூவரும் ஹவுகெட்டோ நிலையத்துக்கு நடந்தோம். ஆர்னெ கேட்டார்: "இத்தனை மாதமும் ஏன் மாட்டேன் என்றாய்?"

"ஒவ்வொரு தடவையும் சரி என்றுதான் சொன்னேன்," என்றேன்.

ஆரணி விளக்கினாள். அவர் நின்று, கல்லைக் காலால் அளைந்து, காது சிவந்தார். ரயில் வந்தது. கதவு திறக்கிற நேரம், "அடுத்த ஞாயிறும் இரண்டு பேரும் வருவீர்களா?" என்றார். ஆரணி அவருக்காக மேலும் கீழும் தலையாட்டினாள், உடனே என்னைப் பார்த்துப் பக்கவாட்டில் சாய்த்தாள், ஒரே கழுத்தில் இரண்டு ஊரும். என் தலையும் அசைந்தது, அதற்குத் தெரிந்தபடி. ஆர்னெ அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது யாவா, நையா?"

"இவ்வளவு காலமும் உங்கள் எல்லாருடைய தலையையும் நான் படித்தேன், ஆர்னெ. இனி என்னுடையதை நீ படி."